தையல் இயந்திரம் வழங்கப்படுகின்றது, தையல் கற்பிக்கப்படுகின்றதா?

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வாழ்வாதார உதவி என்ற சொல் வழக்கிற்கு வந்த காலந்தொட்டு அதனுடன் இணைபிரியாத பொருளாக இருந்து வருவது தையல் இயந்திரமாகும். ஆடு, கோழி, மீன்பிடி வலை, துவிச்சக்கரவண்டி ஆகியனவும் வழங்கப்படுவதுண்டு. எனினும், குடும்பத்தைத் தலைமை தாங்கும் ஒரு பெண்ணுக்கு எதனை வழங்கலாம் என்ற கேள்வி எழும்போது, உதவ முன்வருவோரின் மனதில் முதலில் தோன்றுவது இதுவே. அரச திணைக்களங்கள், அரசசார்பற்ற நிறுவனங்கள், ஆலயங்கள், பழைய மாணவர் சங்கங்கள், புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் என யாவரும் இதனை வழங்கியுள்ளனர். கையளிப்பு வைபவங்களில் எடுக்கப்படும் நிழற்படங்கள் பத்திரிகைக் காரியாலயங்களுக்கும் தவறாது வந்து சேர்கின்றன.

ஓராண்டின் பின்னர் அந்த இயந்திரம் என்னவாயிற்று என்பதைக் காட்டும் நிழற்படம் எதுவும் வருவதில்லை.

சில வீடுகளில் அது இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றது. பிள்ளைகளின் கல்விச் செலவை அந்த இயந்திரத்தைக் கொண்டே ஈடுசெய்யும் தாய்மாரை நாம் அறிவோம். ஆனால் வேறு பல வீடுகளில் அது சேலைத் துண்டொன்றினால் மூடப்பட்டு, பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகளைத் தாங்கும் மேசையாகிவிட்டது. இன்னும் சிலர் அவசரத் தேவைக்கு அதனை விற்றுவிட்டனர். இதற்குச் சோம்பலே காரணம் என உதவி வழங்கியோர் சிலர் கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். அக்கூற்றை எம்மால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தையல் என்பது கையும் காலும் கண்ணும் ஒருங்கே பழக வேண்டிய தொழில். அந்தப் பழக்கம் முதல் ஒன்றிரண்டு மாத வகுப்பில் சரியாக ஊட்டப்பட்டதா என்பதே பின்னர் அந்த இயந்திரம் ஓடுமா, ஓயுமா என்பதைத் தீர்மானிக்கின்றது. எனவே ஆரம்பத் தையல் வகுப்பொன்றில் உண்மையில் என்ன நிகழ வேண்டும் என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

முதலில் இந்த இயந்திரம் எமது வீடுகளுக்கு வந்த கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். பிரான்ஸ் தேசத்துத் தையற்காரரான தீமோனியே 1830ஆம் ஆண்டில் தாம் ஆக்கிய இயந்திரத்துக்கு உரிமம் பெற்று, படையினருக்கான சீருடைகளைத் தைக்கும் தொழிற்கூடமொன்றை நடத்தினார். தமது பிழைப்புப் பறிபோகும் என அஞ்சிய பரிஸ் நகரத் தையற்காரர்கள் 1831இல் அந்த இயந்திரங்களை அடித்து நொறுக்கினர். அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் முனையில் கண்ணுள்ள ஊசியையும், அடியில் ஓடும் ஓடத்தையும் கொண்டு இரு நூல்களைப் பூட்டித் தைக்கும் இயந்திரத்துக்கு 1846இல் உரிமம் பெற்றார். ஐசாக் சிங்கர் 1851இல் ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓடச்செய்து, துணியைத் தாங்கும் மேசைப் பரப்பையும் அமைத்துத் தந்தார். மிதிபலகையால் இயங்கும் இயந்திரம் அவரது பெயரோடு பரவியது. 1856இல் அவரது நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியமையே இயந்திரம் சாதாரண குடும்பங்களை எட்டியமைக்கு முக்கிய காரணம். அந்நிறுவனம் இலங்கையில் 1877ஆம் ஆண்டிலேயே வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டது. சீதனப் பொருட்களின் வரிசையில் தையல் இயந்திரம் இடம்பிடித்ததும், 'சிங்கர் மெசின்' என்பது எந்த இயந்திரத்துக்கும் பொதுப் பெயரானதும் அதன் பின்னர் நிகழ்ந்தவை. இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்த மகாத்மா காந்தி கூட 1924இல் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார் என்பது சுவையான செய்தி.

யுத்த காலத்தில் இந்த மிதி இயந்திரத்தின் அருமை எமது மக்களுக்கு நன்கு புரிந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதல் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தபோது, காலால் மிதிப்பதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. 1995 ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, இரும்புக் கால்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, இயந்திரத்தின் தலைப் பகுதியை மட்டும் கழற்றித் துவிச்சக்கரவண்டியிற் கட்டிச் சென்றோரும் உளர். பிந்திய காலத்திலும் அதன் அருமை குறையவில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு அமுலிலிருந்தபோது மோட்டார் பூட்டிய இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. பழைய கறுப்பு இயந்திரங்கள் ஓடின.

அக்காலத்தில் தையல் எவ்வாறு கற்கப்பட்டது? பெண்கள் தாயிடமோ, பெரியம்மாவிடமோ, கன்னியர் மடத்துப் பாடசாலைகளிலோ, மனையியற் பாடத்தின் வழியாகவோ கற்றனர். ஆண்கள் தையற்கடையிற் கற்றனர். யாழ்ப்பாண நகரத் தையற்கடைகளிற் பலவற்றை முஸ்லிம் சகோதரர்களே நடத்தினர். கடைக்கு வரும் சிறுவன் முதலில் தெறி தைப்பான். பின்னர் கைத்தையலாற் கரை மடிப்பான். அதன் பின்னரே இயந்திரத்தில் இருத்தப்படுவான். கத்தரிக்கோல் அவன் கைக்கு வர ஆண்டுகள் செல்லும். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, அந்தக் கடைகளோடு இத்தகைய பயிற்சி மரபொன்றும் அறுபட்டது. இன்று மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ முடிவடையும் வகுப்புகள் அந்த நீண்ட பயிற்சியின் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கின்றன. காலம் சுருங்கும்போது எதனைக் கற்பிப்பது, எதனை விடுவது என்ற தெரிவு முக்கியமாகின்றது.

நல்லாசிரியை ஒருவரின் வகுப்பில் முதல் நாளன்று நூலும் இருக்காது, துணியும் இருக்காது. தோற்பட்டியைப் பூட்டிய மிதி இயந்திரத்தின் முன் மாணவி அமர்ந்து, சில்லு தன்னை நோக்கிச் சுழலுமாறு மிதிக்கப் பழகுவாள். பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அவ்வாறன்று. ஒரு பாதத்தைச் சற்று முன்னும் மற்றையதைச் சற்றுப் பின்னுமாக வைத்து, குதிக்கும் விரலுக்கும் மாறி மாறிப் பாரத்தைக் கொடுக்க வேண்டும். தாளம் தவறினால் சில்லு எதிர்த்திசையிற் சுழலும். நூல் கோத்திருக்கும்போது அவ்வாறு சுழன்றால் நூல் சிக்கி அறுந்துவிடும். இந்த ஒரு பழக்கத்துக்கே இரண்டு மூன்று நாட்கள் செல்வதுண்டு. அவசரப்படும் வகுப்புகள் இதனை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுகின்றன. அதன் விளைவை மாணவி பல மாதங்கள் அனுபவிக்கின்றாள்.

இரண்டாவது பயிற்சி கொப்பி ஒற்றையில் நடைபெறும். நூலற்ற ஊசியால் ஒற்றையின் கோட்டின் மீதே தைத்துச் செல்ல வேண்டும். நேர்கோடு வசப்பட்ட பின்னர் சதுரம், அதன் பின்னர் வட்டம், சுருள். மூலையை அடையும்போது ஊசியைத் தாளில் இறக்கியவாறே நிறுத்தி, பாதத்தை உயர்த்தி, தாளைத் திருப்பி, மீண்டும் பாதத்தை இறக்க வேண்டும். துளைகள் கோட்டின் மீது விழுந்தனவா, விலகினவா என்பதை ஒற்றையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவற்ற இப்பயிற்சியைப் போலத் தொடக்கநிலையாளரின் கையைத் திருத்தும் பயிற்சி வேறில்லை எனலாம். தாளிற் குத்திய ஊசி மழுங்கிவிடுமாதலால் அதனைப் பின்னர் துணிக்குப் பாவிக்கலாகாது.

நூல் கோக்கும் கட்டத்திலேயே பலருக்கு மனம் தளர்கின்றது. நாற்பது வயதைக் கடந்த பெண்கள் ஊசியின் கண்ணைக் காணாது தடுமாறி, தமக்கு இது கைவராது எனக் கருதி விலகிக்கொள்கின்றனர். அவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு வாசிப்புக் கண்ணாடி மாத்திரமே. நூல் நுனியைச் சரிவாக வெட்டுவதும், ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாளொன்றைப் பிடிப்பதும் உதவும். வகுப்பொன்றில் இருபது பேரைச் சேர்க்கும் நிறுவனங்கள் முதல் வாரத்திலேயே அவர்களின் கண்பார்வையைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வது இயந்திரமொன்றின் விலையோடு ஒப்பிடுகையில் அற்பச் செலவேயாகும்.

இயந்திரம் எவ்வாறு தைக்கின்றது என்பதைப் பல வகுப்புகளில் எவரும் விளக்குவதில்லை. நூலை இந்த வழியாகக் கொண்டு செல், இங்கே கொளுவு எனக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். இது பெரும் குறைபாடு. கைத்தையலில் ஒரு நூல் துணியின் இருபுறமும் ஊடுருவிச் செல்லும். இயந்திரத்திலோ மேல்நூல் துணியைத் தாண்டி மறுபுறம் முழுதாகச் செல்வதேயில்லை. ஊசி கீழே இறங்கி, மீண்டும் மேலெழத் தொடங்கும் கணத்தில் அதன் பின்புறத்தில் நூல் சிறு வளையமாக விரிகின்றது. அடியிலுள்ள கொக்கியின் முனை அந்த வளையத்தைப் பிடித்து, பொபினைச் சுற்றிக் கொண்டு செல்கின்றது. இவ்வாறு மேல்நூலும் பொபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. அந்தப் பூட்டு இரு துணிகளுக்கும் நடுவில் மறைந்திருந்தால் தையல் சரி. இவ்வளவுதான் விடயம். இதனை ஒருமுறை, துணியின்றி, சில்லைக் கையால் மெதுவாகத் திருப்பிக் காட்டினால் மாணவி ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

இதனை அறிந்தவளுக்குப் பழுதுகளின் மொழி புரிந்துவிடும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகின்றது என வைத்துக்கொள்வோம். அறியாதவர் பொபினைக் கழற்றிக் குடைவார். குற்றம் பெரும்பாலும் மேலேயே இருக்கும். மேல்நூல் இறுக்கம் போதாமையால் அது கீழே இழுபடுகின்றது. பாதத்தை இறக்கிய நிலையில் நூலைக் கோத்திருந்தாலும் இவ்வாறு நேரலாம். ஏனெனில் பாதம் இறங்கியிருக்கும்போது இறுக்கத் தட்டுகள் இரண்டும் நெருங்கியிருக்கும். நூல் அவற்றின் இடையே சென்று அமர்வதில்லை. பாதத்தை உயர்த்தி நூலை மீளக் கோத்தாலே பழுது நீங்கிவிடும். மேற்புறத்தில் பொபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் மிகை இறுக்கம். இடையிடையே தையல் விழாது தாவிச்செல்லுமாயின் ஊசி வளைந்தோ மழுங்கியோ இருக்கலாம், அல்லது திசை மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். தொடக்கத்திலேயே அடியில் நூல் கூடு கட்டுவது, முதற் சில தையல்களின்போது இரு நூல் நுனிகளையும் பின்புறமாகப் பிடித்துக்கொள்ளாமையால் நேர்வது. இவை யாவும் மாணவி தானே சரிசெய்யக்கூடியவை. இவற்றை அறியாத பெண்ணோ இயந்திரத்தைத் திருத்துநர் ஒருவரிடம் கொண்டு செல்ல முச்சக்கரவண்டி தேட வேண்டியிருக்கும். வன்னியின் உட்கிராமங்களில் அத்தகைய திருத்துநரைத் தேடி அடுத்த நகரம் வரை செல்ல வேண்டியுள்ளது. மூடிவைக்கப்பட்ட இயந்திரங்களிற் பல இத்தகைய சிறு பழுதுடனேயே மூடிவைக்கப்பட்டன என்பது எமது கணிப்பு.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசிப் பொதியில் 90/14 என்பது போல இரு இலக்கங்கள் காணப்படும். அவற்றுள் 90 என்பது ஊசியின் தடிப்பு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கில் 90, அதாவது 0.9 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கின்றது. 14 என்பது அதே ஊசிக்குரிய மற்றைய அளவுமுறை. மெல்லிய வொயில் துணிக்கு 11ஆம் இலக்கமும், சாதாரண பருத்தித் துணிக்கு 14ஆம் இலக்கமும், தடித்த காற்சட்டைத் துணிக்கு 16ஆம் இலக்கமும் பொருந்தும். வீட்டுப் பாவனை இயந்திரத்தின் ஊசித்தண்டு ஒருபுறம் தட்டையானது. தொழிற்சாலை இயந்திரத்தின் ஊசித்தண்டு பொதுவாக உருண்டையானது. ஒன்றை மற்றதற்குப் பூட்ட இயலாது.

இந்த வேறுபாட்டை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. சில பயிற்சி நிலையங்களில் தொழிற்சாலைகளிற் பாவிக்கப்படும் அதிவேக இயந்திரங்களே உள்ளன. அவை நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல்கள் வரை தைக்கவல்லவை. அவற்றிற் பயின்ற பெண்ணுக்குப் பயிற்சியின் முடிவில் வழங்கப்படுவதோ மிதி இயந்திரம், அல்லது மோட்டார் பூட்டிய சிறிய வீட்டு இயந்திரம். ஊசி வேறு, பொபின் வேறு, நூல் செல்லும் வழி வேறு, காலின் பழக்கமும் வேறு. பயின்றது ஒன்று, பெற்றது வேறொன்று என்றாகும்போது அவள் மீண்டும் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. யுத்தத்தில் ஒரு காலை இழந்தவருக்கு மிதி இயந்திரம் வழங்கப்பட்ட சம்பவமும் எமக்குத் தெரியவந்தது. கைப்பிடி பூட்டிச் சுழற்றக்கூடிய இயந்திரமோ, ஒற்றைக் காலாலோ முழங்கையாலோ அழுத்தக்கூடிய மின் இயந்திரமோ அவருக்கு உதவியிருக்கும். பெறுபவரை ஒருமுறை நேரிற் கண்டிருந்தால் இது நேர்ந்திராது.

பராமரிப்பும் வகுப்பில் ஒரு பாடமாக வேண்டும். பல்லுத் தட்டைக் கழற்றி, அடியிற் சேரும் நூற்தூசியைத் தூரிகையால் அகற்றி, உராயும் இடங்களில் ஒவ்வொரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, பழந்துணியொன்றை ஓரிரு நிமிடங்கள் தைத்து மிகை எண்ணெயைப் போக்குவது பத்து நிமிட வேலை. எமது வீடுகளில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெயை விடும் வழக்கம் இன்னமும் நீங்கவில்லை. அது நாளடைவிற் பிசினாகி இயந்திரத்தை இறுகச்செய்கின்றது. மலையகத்தின் குளிர்ந்த பிரதேசங்களில் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இனி, வகுப்புகளில் மிகவும் புறக்கணிக்கப்படும் பகுதிக்கு வருவோம். அது வெட்டுதல். வாடிக்கையாளர் ஒருவர் துணியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது அவர் கொடுப்பது தைப்பதற்கு மட்டுமன்று, வெட்டுவதற்குமாகும். தையல் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுப் பிழைத்தால் துணி போயிற்று. அந்த அச்சமே வகுப்பை முடித்த பெண்களைப் பிறர் துணியைத் தொடவிடாது தடுக்கின்றது. ஆறு மாத வகுப்பொன்றில் ஆசிரியையே வெட்டிக் கொடுத்து மாணவியர் தைத்து முடிப்பராயின், கண்காட்சிக்கு அழகிய சட்டைகள் கிடைக்கும். தொழில் கிடைக்காது.

வெட்டுவதற்கு முன்னர் துணியை அறிய வேண்டும். துணியின் கரைக்குச் சமாந்தரமாக ஓடும் பாவு நூல் இழுபடுவது குறைவு. குறுக்கே ஓடும் ஊடை நூல் சற்று இழுபடும். இரண்டுக்கும் இடையே 45 பாகை சரிவில் வெட்டினால் துணி நன்கு இழுபடும். சட்டையின் உடலும் கையும் நேர்நூலில் வெட்டப்பட வேண்டும். கழுத்து வளைவுக்கு வைக்கும் பட்டியைச் சரிவாக வெட்டினாலே அது சுருக்கமின்றி வளைந்து அமரும். பருத்தித் துணி முதற் சலவையிற் சுருங்கக்கூடியதாதலால், அதனை நீரில் ஊறவிட்டு உலர்த்திய பின்னரே வெட்டுதல் வேண்டும். பூப்போட்ட சீத்தைத் துணியில் பூக்கள் ஒரே திசையில் நிற்கின்றனவா எனப் பார்க்காது வெட்டினால், முன்பக்கத்திற் பூக்கள் நிமிர்ந்தும் பின்பக்கத்திற் கவிழ்ந்தும் நிற்கும். மீற்றருக்கும் யாருக்கும் உள்ள வேறுபாடும் முக்கியமானது. ஒரு யார் 36 அங்குலம். ஒரு மீற்றர் ஏறத்தாழ 39.4 அங்குலம். வாடிக்கையாளர் யார்க் கணக்கிற் கூறி, கடைக்காரர் மீற்றரில் அளக்கும் எமது சந்தைகளில் இந்த மூன்றேகால் அங்குலத்துக்கு மேற்பட்ட வித்தியாசம் ஒரு கைத்துண்டைத் தீர்மானிக்கக்கூடியது.

அளவெடுத்தலும் அவ்வாறே. மார்பளவின் நாலிலொரு பங்கோடு தளர்வையும் தையலுக்கான அளவையும் கூட்டித் தாளிற் கீறி, அந்தத் தாளை வெட்டி, அதனைத் துணியின் மீது வைத்துச் சோக்கால் அடையாளமிட்டு, அதன் பின்னரே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பழைய செய்தித்தாள் இதற்குப் போதுமானது. பத்திரிகைகளுக்கு இவ்வாறானதொரு பயனும் உண்டென்பதில் எமக்கு வருத்தமில்லை. பயிற்சி வரிசையாகத் தலையணை உறை, துணிப்பை, உட்பாவாடை, சிறுமியின் சட்டை, பாடசாலைச் சீருடை என ஏறிச் சென்று, சேலைக்கான பிளவுஸை இறுதியில் அடைவதே முறை. பிளவுஸ் உடலோடு ஒட்டியிருக்க வேண்டியது. அரை அங்குலப் பிழையையும் மறைக்காது. அதில் வருமானம் அதிகம் என்பதால் இரண்டாம் மாதத்திலேயே அதனைத் தொடங்கிவிடும் வகுப்புகளுண்டு. மாணவியரின் ஆர்வமும் அதற்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

வகுப்பு எதற்காக நடத்தப்படுகின்றது என்பதையும் தெளிவாக்க வேண்டியுள்ளது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் ஆரம்பிக்கப்பட்டதன் பின்னர் ஆடை உற்பத்தி நாட்டின் ஏற்றுமதிகளில் முதலிடத்துக்கு வந்தது. 2009இல் யுத்தம் முடிவடைந்ததை அடுத்து வடபகுதியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கப்பட்டன. தொழிற்சாலையில் ஒருவர் முழுச் சட்டையையும் தைப்பதில்லை. ஒருவர் பையை மட்டும் பொருத்துவார். இன்னொருவர் கையை மட்டும் இணைப்பார். வேகமும் ஒரே சீரான நேர்த்தியுமே அங்கு வேண்டப்படுபவை. ஐந்தாண்டுகள் அங்கு பணியாற்றித் திருமணத்தின் பின் ஊர் திரும்பும் யுவதி, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பைகளைத் தைத்தவளாயினும், அயலவரின் பிள்ளைக்கு ஒரு சட்டையை வெட்டத் தெரியாதவளாக இருக்கலாம். இதில் அவளது குறை எதுவுமில்லை. தொழிற்சாலைக்கு ஆள் திரட்டும் பயிற்சியும் வீட்டிலிருந்து தொழில் செய்வதற்கான பயிற்சியும் இரு வேறு பயிற்சிகள். விண்ணப்பம் கோரும் விளம்பரத்திலேயே இது எந்த வகை என்பதைக் குறிப்பிடுதல் நியாயமானது.

வீட்டிலிருந்து தைப்பவருக்கு உள்ள சந்தை எது? ஆயத்த ஆடைகள் கடைத்தெருவெங்கும் தொங்கும் இக்காலத்தில், சாதாரண சட்டையொன்றில் கடையோடு போட்டியிடுவது கடினம். ஆனால் பாடசாலைச் சீருடை உண்டு. மாணவருக்கு அரசாங்கம் இலவசமாக வழங்கும் சீருடைத் துணி, துணியாகவே வருவதால், அதனை யாராவது தைத்தாக வேண்டும். புதிய கல்வியாண்டின் தொடக்க வாரங்கள் கிராமத்துத் தையற்காரிகளின் அறுவடைக் காலமாகும். வளரும் பிள்ளைக்குக் கீழ்க்கரையிலும் பக்கத் தையலிலும் தாராளமாகத் துணியை விட்டுத் தைத்தால், அடுத்த ஆண்டு பிரித்து விடலாம். கடைச் சீருடையில் இதற்கு இடமில்லை என்பதைத் தாய்மார் அறிவர். ஆயத்த ஆடைகளை உடலுக்கேற்பச் சுருக்குதல், காற்சட்டைக்குப் பல்லிணைப் பட்டி மாற்றுதல், சேலைக்குக் கரை அடித்தல் போன்ற சிறு வேலைகளும் நாளாந்தம் கைக்காசு தருபவை. வகுப்புகளில் இவற்றைக் கற்பிப்போர் மிகச் சிலரே.

கூலி நிர்ணயிப்பதிலும் எமது பெண்கள் பெரிதும் இடர்ப்படுகின்றனர். நூல், தெறி, றேந்தை, இலாஸ்ரிக், மின்சாரம் ஆகியவற்றின் செலவையேனும் எழுதிவைப்போர் குறைவு. தமது நேரத்தைக் கணக்கிடுவோர் அதனினும் குறைவு. அயல் வீட்டுக்காரி, மச்சாள், கோயிலடி அக்கா ஆகியோரிடம் காசு கேட்பதற்குக் கூச்சம். பிறகு தருகின்றேன் என்ற சொல்லுக்கு மறுசொல் கிடையாது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது நூலும் துணியும் மாதத்துக்கு மாதம் விலையேறிய வேளையில், பழைய கூலிக்கே தைத்துக் கொடுத்துக் கைமுதலை இழந்தோர் பலர். ஒரு சட்டையை வெட்டித் தைத்து முடிக்க எத்தனை மணித்தியாலம் சென்றது என்பதைக் கொப்பியொன்றிற் குறித்துவைக்கும் பழக்கத்தை வகுப்பிலேயே ஏற்படுத்தினால், கூலி கேட்கும்போது கையில் ஒரு கணக்காவது இருக்கும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடங்களில் நடைபெறும் வகுப்புகளுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. அவை நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. பிள்ளைகள் பாடசாலையிலிருக்கும் காலை நேரத்தில் அவற்றை நடத்தலாம். நகரத்துப் பயிற்சி நிலையம் எவ்வளவு வசதியுடையதாயினும், இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய தாயொருத்தி மூன்றாவது வாரத்துக்கு மேல் அங்கு செல்லமாட்டாள். ஆனால் கிராமத்து வகுப்புகளின் சான்றிதழ் பல சமயங்களில் சுவரில் மாட்டுவதற்கே பயன்படுகின்றது. வங்கியிற் கடன் கேட்கும்போதோ, பாடசாலையிற் சீருடை தைக்கும் ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கும்போதோ, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் அதனிலும் கூடிய மதிப்பைப் பெறும். ஏழு மட்டங்களைக் கொண்ட அம்முறையில், நான்காம் மட்டம் வரையிலானவை கைவினைத் திறனுக்குரியவை.

அச்சான்றிதழைப் பெறுவதற்கு நிலையமொன்றில் முழுக் காலமும் பயின்றிருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்பதைப் பலர் அறியாதுள்ளனர். முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் வழியொன்றும் அம்முறையில் உண்டு. தாயிடம் கற்று இருபது ஆண்டுகளாக வீட்டில் தைத்து வரும் பெண்ணொருத்தியும், தான் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைச் சமர்ப்பித்து, மதிப்பீட்டாளரின் முன் வெட்டித் தைத்துக் காட்டி, அதே சான்றிதழைப் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகங்களிலும், பிரதேச செயலகங்களில் உள்ள மனிதவலு உத்தியோகத்தர்களிடமும் இதுபற்றி விசாரிக்கலாம். விசாரிக்கச் செல்வோர் தாம் தைத்த உடைகளின் நிழற்படங்களையும், வாடிக்கையாளரின் அளவுகளைக் குறித்துவைத்த பழைய கொப்பியையும் உடன் எடுத்துச் செல்வது நன்று. அக்கொப்பியும் ஓர் ஆதாரமாகும்.